மருதங்கண்மாய்க்கு வந்த பறவைகள்

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் இருக்கிறது சின்னமருதங்குளம். குளம் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, நல்ல மழைக்காலத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும். ஊருக்குக் கிழக்கே மருதங்கண்மாய் என்று ஒன்று உண்டு. அது நிறைந்து மறுகால் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று எவராவது சொன்னால், ஊரே கூடி அவரைக் கேலி பண்ணும். ஆனால் மருதமரங்கள் மட்டும் கண்மாய்க்குள்ளேயும் கரைமேலேயும் நின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். கந்தக நெடியும் வேலிக்கருவையும் தவிர வேறெதுவும் விளையாத அந்தக் கரிசலில், அந்த மரத்தடி மண் சித்திரை மாதத்திலும் சில்லென்று கிடக்கும்.

வள்ளித்தாய்க்கு அந்த மண்தான் வேண்டும். மற்றபடி மரத்தைப் பற்றியோ கண்மாயைப் பற்றியோ அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது.

அவள் புருசன் முனியசாமி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர். ஒரு தீபாவளி சீசனில் அந்த அறை வெடித்தது. ஆள் பிழைத்துவிட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. ஞாபகம் வராமல் இருப்பதற்காகத்தான் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. முதுகு, நெஞ்சு, இரண்டு கை என்று எல்லா இடமும் வெந்து ஆறிய தழும்பு. தழும்பேறிய தோலில் வேர்வை வராது, உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து வேகும், அதனால் ஆளை எப்போதும் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வதற்கு என்ன? வள்ளித்தாயின் வீட்டுக்கு மேலே கிடப்பது சிமெண்ட் ஷீட்டு. காலை வெயில் ஏறினதுமே வீடு இட்லிக் கொப்பரை ஆகிவிடும்.

அதனால் தினமும் கம்பெனி வேன் வருவதற்கு முன்பே அவள் முனியசாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மருதமரத்தடியில் படுக்க வைப்பாள். தலைமாட்டில் ஒரு குடம் தண்ணீர், ஒரு தூக்குவாளியில் கஞ்சி. அவரைப் போலவே வெவ்வேறு சீசனில் வெந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் அங்கே கிடப்பார்கள். பகல் முழுக்க அந்த மண்ணில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் வீடு திரும்புவார்கள். ஊரில் அவர்களுக்கு 'மரத்தடி ஆளுக' என்று பேர். அதற்கு மேல் யாரும் அவர்களைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

சுனாமி வந்ததற்கு மறுவருசம், சிவகாசி தனுஷ்கோடி முதலாளிக்கு அந்தக் கண்மாய் மேல் கண் விழுந்தது. முதலாளி நல்ல மனுசர்தான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வருசா வருசம் அன்னதானம் போடுகிறவர். இரண்டு பட்டாசுக் கம்பெனியும் ஒரு ஆப்செட் பிரஸ்ஸும் வைத்துக்கொண்டு, சின்னமருதங்குளத்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறவரும் அவர்தான். சீசன் நேரத்தில் லோடு ஏற்ற வருகிற லாரிகள் ரோட்டில் வரிசையாக நிற்பது அவர் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் இல்லாத கண்மாய், கண்மாயே இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். அதை மேடாக்கி லாரி நிறுத்தவும் குடோன் கட்டவும் ஒரு திட்டம் போட்டு, அதற்கு 'சரக்குப் பூங்கா' என்று பேர் வைத்தார். பூங்காவுக்காக வெட்ட வேண்டிய மரங்களின் மேல் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கோபம் எல்லாருக்கும் இருந்தது. யார் மேல் கோபம் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. முதலாளி பேரைச் சொல்லாமலே முதலாளியைத் திட்டுவது எப்படி என்று அன்றைக்கு ஆளாளுக்கு விதவிதமாகச் செய்து காட்டினார்கள். ஊர்த்தலைவர் நாகையா, கண்மாய் நமது தாய் என்றார். அந்தத் தாய்க்கு அவர் பண்ணின சேவை கொஞ்சநஞ்சமல்ல. வண்டல் மண் பூராவும் அவர் டிராக்டரில்தான் செங்கல் சூளைக்குப் போனது.

வள்ளித்தாய் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பொம்பளை பேசுவது அந்த ஊரில் புதுசு ஒன்றுமில்லை. சரவெடி பின்னுகிற கை, குடும்பத்தைக் காப்பாற்றுகிற கை. அதற்கு வாயும் உண்டு. சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய் உள்ளதைச் சொல்வோம் என்றாள். "எங்க வீட்டு ஆளுக பகல்ல உசுரோட இருக்கிறதே அந்த நெளல்ல தான். அதச் சொன்னா போதாதா? வேற என்னத்துக்குக் கதை?"

கூட்டம் தரையைப் பார்த்தது. வெந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் போய் நின்றால் என்ன ஆகும் என்று நாகையா பக்குவமாக எடுத்துச் சொன்னார். எங்கே வெந்தான், எப்போது வெந்தான் என்று கேள்வி வரும். செக்கிங் வரும். கம்பெனிக்குச் சீல் விழும். ஆர்டர் குவிந்து கிடக்கிற சீசனில் கம்பெனி மூடினால் ஊர் அடுப்பில் பூனை தூங்கும். நாலைந்து பேர் நிழலுக்காக நானூறு பேர் வயிற்றில் அடிக்கலாமா என்று அவர் கேட்டதும், வள்ளித்தாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒவ்வொன்றாக அவளை விட்டு விலகின. அவளும் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வாரக்கூலியும் அந்தக் கம்பெனியில் இருந்துதானே வருகிறது.

அப்போதுதான் பாலகுரு எழுந்தான். பாலகுரு முனியசாமிக்குச் சித்தப்பா மகன், வள்ளித்தாய்க்குக் கொழுந்தன் முறை. தனுஷ்கோடி முதலாளியின் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவனுக்குப் பேப்பர் வாசனை பட்டே அறிவு வளர்ந்துவிடும் என்பது ஊராரின் எண்ணம். அவனுடைய எண்ணமும் அதுதான். மனுசனுக்காகக் கவர்மெண்டு எந்த மரத்தையும் விட்டுவைத்தது கிடையாது, பறவைக்காக விட்டுவைத்திருக்கிறது என்றான் அவன். ஏதோ ஒரு ஜில்லாவில் பறவை வருகிறது என்று சொல்லி ஒரு கண்மாயையே காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். நம் கண்மாய்க்கும் வெளிநாட்டுப் பறவை வருகிறது என்று மனுக் கொடுப்போம் என்றான்.

"நம்ம கண்மாய்க்கு எங்கலே பறவை வருது? காக்காகூட வேற ஊருக்குத் தண்ணி குடிக்கப் போகுது" என்றார் நாகையா.

"வரும்" என்றான் பாலகுரு.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சாமி நம்பிக்கையைவிடப் பெரிசு. பெட்டிக்குள் என்ன இருந்தாலும் சரி, மேலே ஒட்டுகிற படம் நன்றாக இருந்தால் சரக்கு போய்விடும். பெட்டி மேல் சிங்கம் கர்ஜிக்கும். உள்ளே இருக்கிறது சாட்டை. பெட்டி மேல் மயில் தோகை விரிக்கும், உள்ளே ஓலைவெடி. எந்த ஊர்க்காரனும், மயில் எங்கே என்று கேட்டு இது வரைக்கும் பெட்டியைத் திருப்பி அனுப்பினதில்லை. தலைமுறை தலைமுறையாக லேபிள் ஒட்டி, லேபிளால் பிழைத்து, கடைசியில் லேபிளுக்குத் தாங்களும் மயங்கிப்போன ஜனங்கள். எல்லாருக்கும் பாலகுரு சொன்னது உடனே விளங்கிவிட்டது. வேறு ஊராக இருந்தால் அவனை அங்கேயே கல்லால் அடித்திருப்பார்கள்.

பிரஸ்ஸில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களை அவன் கட்டுக்கட்டாகச் சைக்கிளில் கொண்டுவந்தான். அன்னம், மயில், கிளி, நாரை என்று ரகம் ரகமாக இருந்தன. சிவப்பு நிறத்தில், நாரையின் காலும் கிளியின் மூக்குமாக ஒன்று இருந்தது. அது ராக்கெட் பெட்டிக்குப் போட்ட படம். வரைந்தவர் எந்த உலகத்தில் அதைப் பார்த்தாரோ தெரியாது. ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அட்டையில் ஒட்டி வெட்டினார்கள். பழகின கை, பேச்சு நிற்பதற்குள் குவியல் குவியலாகப் பறவை சேர்ந்துவிட்டது. ராக்கெட் குச்சியைக் காலாகச் செருகி, இளவட்டங்கள் மரத்தில் ஏறிக் கிளைகிளையாகக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. அடேயப்பா, நம்ம கண்மாயா இது என்று சில பேர் கண்கலங்கினார்கள். ராக்கெட் குச்சி செருகினவர்களே கலங்கினதுதான் வேடிக்கை.

மனு போய், பார்வையிட ஆள் வருகிற நாள் தெரிந்ததும் பாலகுரு வள்ளித்தாய் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, காலால் தரையைக் கிளறினான்.

"மதினி, அண்ணனை நாளைக்கு வீட்லயே வச்சிருங்க. மத்த வீட்லயும் சொல்லிட்டேன். ஆபீசர் வர்ற நேரம் மரத்துக்கு அடியில இவுக கிடந்தா நல்லாருக்காது. ஒரே ஒரு நாள்தான்."

வள்ளித்தாய்க்கு நாக்கு நுனி வரைக்கும் வசவு வந்தது. மரம் நிற்க வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் சாக்கை நனைத்து முனியசாமியின் மேல் போட்டாள். கதவு காற்றில் திறந்துகொண்டால் பாதையில் போகிறவர்கள் கண்ணில் படும் என்று பாலகுரு சொல்லியிருந்ததால், வெளியே கொண்டியை மாட்டினாள். கண்மாய்க் கரையில் ஆரத்தித் தட்டோடு நிற்க அவளைத்தான் போட்டிருந்தார்கள். ஆரத்தித் தட்டுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? அவள் வாயைத் தட்டால் அடைத்து வைத்தால் நல்லது என்று நாகையா நினைத்திருக்க வேண்டும்.

சூலக்கரையிலிருந்து ஜீப்பில் ஆபீசர் வந்தார். பின்னாலேயே ஒரு காரில் தனுஷ்கோடி முதலாளியின் மகன் சூர்யபிரகாஷ் வந்தான். சென்னையில் படித்துவிட்டு வந்து பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற பையன். அப்பாவின் சார்பில் கழுத்தில் கேமராவோடு வந்திருந்தான். பாலகுரு அவர்களைக் கரையைத் தாண்டி இறங்க விடவில்லை. பறவை மிரண்டுவிடும் என்றான். ஒன்றுகூட அசையவில்லையே என்று ஆபீசர் கேட்டதற்கு, பகல் வெயிலில் தூங்கும், ராத்திரிதான் இரை தேடப் போகும் என்றான். ஆபீசர் பயபக்தியோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கி ஒரு கிளையைக் காட்டினார்.

"அந்தச் சிவப்புப் பறவை றெக்கையில என்னமோ எழுத்து மாதிரி தெரியுதே?"

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. பெட்டிக்குள் எத்தனை ராக்கெட் என்று காட்ட லேபிளில் 'பத்து எண்ணம்' என்று அச்சடித்திருந்ததை வெட்ட மறந்துவிட்டார்கள்.

"வெளிநாட்டுல பிடிச்சு, அடையாளத்துக்கு எழுதி விடுவாக சார்" என்றான் பாலகுரு. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. எழுதி விடுகிற அளவுக்குப் பெரிய பறவை தன் ஜில்லாவுக்கு வந்திருக்கிறதா என்று பூரித்துப்போனார். சூர்யபிரகாஷ் கேமராவில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். அவனுக்குத் தெரியாதா? அவன் பிரஸ் லேபிள், அவன் வீட்டுச் சரக்கு. பாலகுருவின் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. ஆனால் பையன் காட்டிக்கொடுக்கவில்லை. மெல்லச் சிரித்துக்கொண்டு, தள்ளிப்போய் அப்பாவுக்குச் செல்லில் பேசினான்.

ஜீப் திரும்பினதும் வள்ளித்தாய் ஆரத்தித் தட்டைக் கரையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கொண்டியை எடுத்தாள். சாக்கு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. குடம் கவிழ்ந்து கிடந்தது. முனியசாமி கதவு இடுக்கில் வருகிற காற்றுக்காக வாசற்படியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தார். உடம்பு தொட முடியாமல் கொதித்தது. அக்கம்பக்கத்தில் இருந்த தண்ணீரையெல்லாம் வாங்கி வாங்கி ஊற்றினாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் கண் திறந்தார்.

"பறவையப் பாத்தாகளா?" என்று கேட்டார்.

பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவரைக் கொல்லப் பார்த்தவள் வேறு யாருமில்லை, நான்தான் என்று வாய்விட்டே சொல்லி அழுதாள். இனிமேல் எவன் சொன்னாலும் இந்தக் கொண்டியை வெளியிலிருந்து மாட்ட மாட்டேன் என்று காளியம்மன் பேரில் சத்தியம் பண்ணினாள்.

கொஞ்ச நாளில் சேதி வந்தது. சரக்குப் பூங்கா ரத்து. மருதங்கண்மாய் இனிமேல் பறவைகள் பாதுகாப்பு இடம். ஊரே கூத்தாடியது. நாகையா தோளில் மாலை, பாலகுரு கழுத்தில் மாலை. வெற்றிக்கு ஒரு சரம் கொளுத்தலாம் என்று சில பேர் கிளம்பினபோது, பாலகுரு கையை விரித்துத் தடுத்தான். பறவைகள் மிரண்டுவிடுமாம். உலகத்துக்கே வெடி செய்து அனுப்புகிற ஊர், அட்டைக்கு மரியாதை கொடுத்து அன்றைக்குச் சத்தமில்லாமல் சர்க்கரைப் பொங்கல் தின்றது. அந்தத் தீபாவளிக்கும் ஊரில் ஒரு பட்டாசு வெடிக்கவில்லை. கேட்டால் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் வேலி வந்தது. கண்மாயைச் சுற்றிக் கம்பி வேலி, இரும்புக் கேட்டு, டிக்கெட் கொடுக்க ஒரு அறை, வருகிறவர்கள் காப்பி குடிக்க ஒரு கொட்டகை. காண்டிராக்ட் எடுத்தவர் தனுஷ்கோடி முதலாளி. லாரியில் வருகிற லாபத்தைவிடப் பறவையில் வருகிற லாபம் சுத்தமானது, கந்தக வாசனையும் கிடையாது என்று மகன் அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தான். கேட்டில் பெரிய போர்டு: பறவைகள் ஓய்வெடுக்கும் இடம், ஊர்மக்கள் நடமாட்டம் கூடாது. காவலுக்குக் காக்கிச் சட்டை போட்டு ஒரு ஆளை வைத்தார்கள். அந்த ஆள் பாலகுரு. பிரஸ் வேலையைவிட இதில் மரியாதை ஜாஸ்தி என்று அவனே சொன்னான்.

மரத்தடி ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். தை, மாசி வரைக்கும் சமாளித்தார்கள். பங்குனி பிறந்ததும் ஷீட்டு தகிக்க ஆரம்பித்தது. கம்பெனியில் சரம் பின்னுகிற கை பின்னிக்கொண்டே இருக்க, மனசு சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலேயே கிடக்கும். மத்தியானத்தில் அரைக்கூலி போனால் போகிறது என்று ஓடிவந்து சாக்கை நனைத்துவிட்டுப் போவாள். பக்கத்துத் தெருவில் செல்லத்தாயின் புருசன் ஒரு நாள் மத்தியானம் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தார். முனியசாமி கண்மாய் இருக்கிற திசைச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சூலக்கரைக்குப் போனாள். அதே ஆபீசர்தான் இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பறவை பூராவும் அட்டை என்றாள், நானும் ஒட்டினேன் என்றாள், அந்த இடத்தில் கிடந்தது எங்கள் வீட்டு ஆட்கள் என்றாள். ஆபீசர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன மாசம் குஞ்சு பொரிச்சிருக்குன்னு மேல எழுதிருக்கோம்மா" என்றார்.

"அட்டை எப்பிடிய்யா குஞ்சு பொரிக்கும்?"

"எனக்கு மட்டும் தெரியாதா?" ஆபீசரின் குரல் பாவமாகத்தான் இருந்தது. "முதல் மழையிலயே ரெண்டு மூணு நனைஞ்சு கீழ விழுந்துச்சு. பாத்துட்டேன். ஆனா இப்ப நான் பறவை இல்லைன்னு எழுதினா என் வேலை போறதோட நிக்காது. வேலியும் போகும். வேலி போனா லாரி வந்துரும், மரத்த வெட்டிருவாங்க. மரம் வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

அவள் எழுந்து வெளியே வந்தாள். மரம் இருந்தால் ஆள் உள்ளே போக முடியாது. ஆள் உள்ளே போனால் மரம் இருக்காது. தாங்கள் ஒட்டின பசையில் தாங்களே ஒட்டிக்கொண்டதை அவள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபடி வந்தாள். ஊர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் அவளுக்கு வந்த கோபம் ஜாஸ்தி. அன்றைக்குக் கூட்டத்தில் நாகையா பேசி முடித்ததும் ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டுக்கொண்டாள்.

சித்திரையில் திறப்பு விழா வைத்தார்கள். சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள், மதுரையிலிருந்து பத்திரிகைக்காரர்கள். தனுஷ்கோடி முதலாளி பட்டு வேட்டியில் நின்றார். சாயம் போன பறவைகளை எடுத்துவிட்டு, பிரஸ்ஸிலிருந்து புதுசாக லேமினேஷன் பண்ணிய பறவைகளை முதல்நாளே கட்டியிருந்தார்கள். அதில் எழுத்து எதுவும் இல்லை. மைக்செட் இல்லை, மேளம் இல்லை. பறவைகள் பயந்துவிடும் என்று வந்தவர்கள் எல்லாரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு.

வள்ளித்தாய் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் முனியசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவழியே நடந்தாள். பின்னால் செல்லத்தாய் அவள் புருசனைக் கூட்டிவந்தாள். அதற்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சட்டை போட்டால் தோல் எரியும் என்பதால் ஆம்பளைகள் வெறும் மேலோடுதான் வந்தார்கள். ஊர் வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கேட்டில் பாலகுரு கையைக் குறுக்கே நீட்டினான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மதினி, கால்ல விழுந்து கேக்கேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கிடுங்க. எம்புட்டுப் பேரு வந்திருக்காக பாருங்க."

"அன்னைக்கும் ஒரு நாள்தான்னு சொன்ன. உங்க அண்ணன் படியில மூஞ்சிய வச்சுக்கிட்டுச் செத்துக் கிடந்தாரு. நீ வந்து பாத்தியாலே?" அவள் குரலை உயர்த்தவில்லை. "கதவத் திற. இல்லைன்னா இங்கன நின்னு அம்புட்டும் அட்டைன்னு கத்துவேன். மரம் போனா போகட்டும். நெளலு இல்லாத மரத்த வச்சு நான் என்ன செய்ய?"

பாலகுரு முனியசாமியைப் பார்த்தான். முனியசாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்; வெயில் தாங்காத தவிப்புதான் இருந்தது. அவன் கேட்டைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வள்ளித்தாய் பதில்களைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். யார் இவர்கள் என்று கேட்டால் இதைச் சொல்ல வேண்டும், எந்தக் கம்பெனி என்று கேட்டால் பேரைச் சொல்லிவிட வேண்டும், சீல் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று ராவெல்லாம் உருப்போட்டிருந்தாள். பழைய மரத்தடியில் முனியசாமியைப் படுக்க வைத்தாள். மற்றவர்களும் அவரவர் இடத்தில் படுத்தார்கள். அவள் எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். வாங்கடா, கேளுங்கடா என்று நின்றாள்.

கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. எல்லாருடைய கழுத்தும் அண்ணாந்திருந்தது. என்ன நிறம், என்ன அழகு, என்ன அமைதி என்று கிசுகிசுத்துக்கொண்டே வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் செல்லத்தாய் புருசனின் காலைத் தாண்டிப்போனார், குனிந்து பார்க்கவில்லை. தனுஷ்கோடி முதலாளி வந்தார். முனியசாமியின் நெஞ்சுத் தழும்பு மேல் அவர் கண் ஒரு நொடி நின்றதை வள்ளித்தாய் பார்த்தாள். உடனே அவரும் மேலே அண்ணாந்து, அதோ அந்தக் கிளையில் ஜோடியாக இருக்கிறது பாருங்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்டினார். ஆபீசரும் அண்ணாந்தபடியே போனார். கேமரா வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும் முனியசாமியின் பக்கத்தில் வந்து நின்றாள். வள்ளித்தாய் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

"கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களா? எனக்கு நிக்க இடம் வேணும்" என்றாள் அந்த அம்மாள், பறவைகள் கேட்டுவிடாதபடி மெதுவாக.

முனியசாமி காலை மடக்கிக்கொண்டார். அந்த அம்மாள் படம் எடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டாள். காப்பிக் கொட்டகைப் பக்கம் கூட்டம் நகர்ந்தது.

வள்ளித்தாயின் வாயில் இருந்த பேச்செல்லாம் வாயிலேயே இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. இனி தினமும் கூட்டிவரலாம், கேட்கிற ஆள் கிடையாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் அவள் அப்படியே புருசன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தாருங்க" என்றாள். "அன்னைக்கு உங்கள உள்ள வச்சுக் கொண்டிய மாட்டியிருக்கவே வேண்டாம். நீங்க இங்கனயே கிடந்திருந்தாலும் இவுக கண்ணுக்குத் தெரிஞ்சிருக்க மாட்டீக."

 மண்ணின் சில்லிப்பு முதுகில் ஏறி, பல நாளைக்குப் பிறகு முனியசாமி அயர்ந்து தூங்கிப்போயிருந்தார்.